சாமி கண்ணைக் குத்துமா?

மூன்று வயதில் மதம் என்னவென்று கேட்கிறது பள்ளி விண்ணப்பம். அந்த வயதில் நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ ஒரு குழந்தைக்குச் சொந்தமாக இருக்க முடியுமா? கோவையின் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை நீளும் கேள்வி இது.

தாராபுரம், காங்கேயம் பக்கம் முகூர்த்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் குலதெய்வக் கோயிலுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பனைமரத்தடியில் வேன்கள் நிற்கும். கல் கூட்டிய அடுப்பில் அண்டா ஏறியிருக்கும். தாய்மாமன் மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காதோரம் வழிந்துகொண்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசாரி, தங்கக் கம்பியின் நுனியை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். கம்பி இறங்கும் நொடியில் யாரோ ஒருவர் வாழைப்பழத்தை வாயில் வைப்பார்கள். குழந்தை அதைத் துப்பிவிட்டு வீறிட்டு அழும்.

நாலடி தள்ளிக் கிடாய். மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்தால் சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று பொருள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயது அக்காக்காரி கேட்பாள்: “அம்முச்சி, தண்ணி ஊத்துனா எனக்குங்கூடத்தான் சிலிர்க்குது. ஆடு குளுருல நடுங்குதுங்களா?”

அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அவள் வாயைப் பொத்துவார். “அப்படியெல்லாம் கேக்கப்படாது சாமி. கண்ணைக் குத்திப்போடும்.”

பெண் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கைகூப்புவாள்.

ஆடு ஏன் சிலிர்க்கிறது என்று தன் உடம்பை வைத்தே யோசித்தவளும் அவள்தான். அடுத்த நொடி கண்ணுக்குப் பயந்து கும்பிட்டவளும் அவள்தான். ஆத்திகமா, நாத்திகமா? அந்தப் பெண்ணிடம் கேட்டால் கேள்வியே புரியாது. ஆனால் அடுத்த ஜூன் மாதம் அவள் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் இருக்கும். அதில் மதம் எழுதியாக வேண்டும்.

கோவை வடக்கில் ஒரு சான்றிதழ்

2022-ல் கோவையில் ஒரு தந்தை மூன்றரை வயது மகளைப் பள்ளியில் சேர்க்கக் கிளம்பினார். விண்ணப்பத்தில் சாதி, மதம் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்ப மாட்டேன் என்றார். 22 பள்ளிகளில் கேட்டும் இடம் கிடைக்கவில்லை என்று அப்போது செய்தியாளர்களிடம் சொன்னார். கடைசியில் மாவட்ட நிர்வாகத்தை அணுகினார். குழந்தை எந்தச் சாதியையும் எந்த மதத்தையும் சேர்ந்தவள் அல்ல என்று கோவை வடக்கு வட்டாட்சியர் சான்றளித்தார். இடஒதுக்கீடும் அரசுச் சலுகைகளும் மகளுக்குக் கிடைக்காது என்பதை அறிந்தே கேட்கிறேன் என்று அதற்காகத் தந்தை உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் வருந்த வேண்டிய விஷயம், அந்த அலைச்சலே தேவையில்லாதது என்பதுதான். பெற்றோர் விரும்பாவிட்டால் பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடலாம் என்று தமிழக அரசு 1973-லேயே ஆணை போட்டுவிட்டது. 2000-ல் மறுபடியும் ஓர் ஆணை வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் சேர்க்கை மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தாலும் அவருடைய கணினி காலிக் கட்டத்தை ஏற்பதில்லை.

கோவைச் சான்றிதழுக்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2019 பிப்ரவரியில், திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகா சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழைப் பெற்றார். நாட்டிலேயே முதல் சான்றிதழ் என்று பேசப்பட்டது. இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சிநேகாவின் பெற்றோர் அவருடைய பள்ளி விண்ணப்பங்களில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டார்கள். அவர் வளர்ந்து, சட்டம் படித்து, பல ஆண்டுகள் விண்ணப்பித்துப் போராடி, அந்த வெற்றிடத்தைத் தன் சொந்த நிலைப்பாடாக்கிக்கொண்டார். கோவைக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இனிமேல்தான் வர வேண்டும். அவள் தந்தையின் துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் சான்றிதழில் இருப்பது தந்தையின் முடிவு. காலிக் கட்டம் எதையும் சொல்வதில்லை. ‘எதையும் சேர்ந்தவள் அல்ல’ என்ற சான்றிதழோ அவள் சார்பில் ஒன்றைச் சொல்லிவிடுகிறது. எனக்குக் காலிக் கட்டமே நேர்மையானதாகப் படுகிறது.

பிஸ்கட் டப்பாவுக்குள் கூழாங்கல்

குழந்தைக்கு எதுவும் தெரியாது, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான் என்று பகுத்தறிவாளர்கள் பலர் சொல்வார்கள். குழந்தையும் தெய்வமும் ஒன்று, அதன் பக்திதான் கலப்படமில்லாத பக்தி என்று பக்தர்கள் சொல்வார்கள். உளவியலாளர்கள் பார்த்தது இந்த இரண்டிலும் அடங்கவில்லை.

2001-ல் ஜஸ்டின் பாரெட்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்கக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பிஸ்கட் டப்பாவைக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டார்கள். பிஸ்கட் என்றன குழந்தைகள். திறந்தால் கற்கள். மூடிவிட்டு அடுத்த கேள்வி: இப்போது அம்மா வந்து இந்த மூடிய டப்பாவைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பார்? மூன்று வயதுக் குழந்தைகள், கல் என்றுதான் அம்மா சொல்வார் என்றன. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணும் வயது அது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் தெளிவாகிவிட்டன. அம்மா ஏமாந்துபோவார், பிஸ்கட் என்பார் என்றன. கடவுள்? கடவுளுக்குக் கல் என்று தெரியும் என்றன அதே குழந்தைகள்.

வெறும் கிளிப்பிள்ளை இப்படிப் பிரித்துப் பார்க்காது. மனிதருக்குத் தெரிவதற்கு எல்லை உண்டு, கடவுளுக்கு இல்லை என்ற கருத்து அந்த வயதில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அந்தக் கருத்தை நிஜம் என்று அவர்கள் எதை வைத்து ஏற்றார்கள் என்பது தனிக் கேள்வி. ஹார்வர்டின் பால் ஹாரிஸ் அதைத்தான் கிளறினார். கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் குழந்தை நம்புகிறது, கடவுளையும் நம்புகிறது. இரண்டுமே பெரியவர்கள் சொல்லி வந்தவை. இரண்டில் கிருமி பற்றிக் குழந்தைகள் சற்றுக் கூடுதல் உறுதியோடு இருந்தார்கள். காரணம் எளிது. ‘எனக்குக் கிருமியில் நம்பிக்கை உண்டு’ என்று யாரும் குழந்தையிடம் சொல்வதில்லை. கையைக் கழுவு என்கிறோம், அவ்வளவுதான். கடவுளைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் குரலில் ஒரு வலியுறுத்தல் ஏறுகிறது. அதைக் குழந்தையின் காது பிடித்துக்கொள்கிறது.

ஹாரிஸும் கேத்லீன் காரிவோவும் இணைந்து வெளியிட்ட இன்னோர் ஆய்வு, நம்மூர்க் கதை ஒன்றை எனக்கு நினைவூட்டியது. அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை கொண்டுபோனது. ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெரு வழியே வருகிறார். ஒரு வீட்டில் பிழைத்த சிறுவனுக்குப் பூணூல் கல்யாண மேளம். எதிர்வீட்டில் அழுகை. பாட்டுக்கு இரங்கி முதலை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. கொங்கு நாட்டில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு.

காரிவோ, ஹாரிஸ் ஆய்வில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் இப்படிப்பட்ட அற்புதக் கதைகளைச் சொல்லி, இதில் வருபவர் நிஜ மனிதரா, கற்பனையா என்று கேட்டார்கள். வழிபாட்டுக்குப் போகும், மதப் பள்ளியில் படிக்கும் குழந்தைகள் நிஜம் என்றன. மதம் இல்லாத வீட்டுக் குழந்தைகள் கற்பனை என்றன. முதல் கூட்டத்தை மட்டும் பார்த்து, பாருங்கள், பிஞ்சிலேயே மூளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றலாம். இரண்டாம் கூட்டத்தையும் பாருங்கள். அவர்களும் முதலையின் வயிற்றைப் பற்றி யோசித்து அந்த முடிவுக்கு வரவில்லை. எது நடக்கும், எது நடக்காது என்ற அளவுகோல் அவர்களுக்கும் வீட்டிலிருந்தே கிடைத்தது. ஐந்து வயதில் நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் ஒரே வாசல் வழியாக, ஒரே ஆட்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. குழந்தை அப்போது நம்புவது அம்மாவை, அப்பாவை, அம்முச்சியை.

---

பெட்டிச் செய்தி: மதங்களே வைத்த வயது

குழந்தையை முழு விசுவாசியாகக் கணக்கில் எடுக்க மதங்களுக்குள்ளேயே தயக்கம் உண்டு.

▪ இஸ்லாத்தில் ஏழு வயதில் தொழுகை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நபிமொழி. ஆனால் தொழுகையும் நோன்பும் கடமையாவது பருவம் எய்திய பிறகே. அதற்கு முன் செய்யும் தவறு குழந்தையின் கணக்கில் எழுதப்படுவதில்லை.

▪ கத்தோலிக்கர்கள் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் தருகிறார்கள். முதல் நற்கருணைக்கு மட்டும் விவரம் தெரியும் வயது வேண்டும். சுமார் ஏழு வயது என்று 1910-ல் பத்தாம் பயஸ் வரையறுத்தார்.

▪ பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. குழந்தையை ஆண்டவருக்கு அர்ப்பணித்து ஜெபிப்பார்கள். அறிக்கையிட்டு முழுக்கு எடுப்பது அவரவர் சொந்த முடிவு.

▪ வீரசைவ மரபில் பிறந்த குழந்தைக்கே லிங்கம் அணிவிப்பது உண்டு. தீட்சை பிறகுதான்.

---

ஈரோட்டு வீடு

வீட்டில் ஊட்டியதுதான் கடைசிவரை நிற்கும் என்றால் கொங்கு நாட்டின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

1879-ல் ஈரோட்டில், வசதியான வணிகர் வெங்கட நாயக்கர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தீவிர வைணவக் குடும்பம். பாகவதர்களும் பண்டிதர்களும் வந்துபோகும் வீடு; கதாகாலட்சேபம் ஓயாத திண்ணை. அந்தப் பையன் அதே கதைகளைக் கேட்டு, அதே பண்டிதர்களை மடக்கிக் கேள்வி கேட்டு வளர்ந்தான். பின்னாளில் பெரியார் ஈ.வெ.ராமசாமியாக, தமிழகத்தின் மிகப் பெரிய கடவுள் மறுப்பாளரானான். இடையில் ஈரோட்டில் தேவஸ்தானக் குழுவின் தலைவராக இருந்து கோயில் நிர்வாகத்தையும் கவனித்தவர் அவர்.

அந்தச் சிறுவனை ‘நாத்திகக் குழந்தை’ என்று அப்போதே எழுதியிருந்தால் அது தவறு. ‘வைணவக் குழந்தை’ என்று எழுதியதும் நிலைக்கவில்லை. அவனிடம் உண்மையாகவே இருந்தது கேள்வி மட்டும்தான். அதை யாராலும் அடக்க முடியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுயமரியாதைக் குடும்பங்களில் பிறந்து, பொட்டு வைக்காமல், பொங்கல் தவிர வேறு பண்டிகை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று மருதமலைக்குப் படியேறுகிறார்கள், சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். அதைத் தந்தையின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். சிறு வயதில் மேடையேற்றி, கடவுள் மறுப்பு வசனங்களை ஒப்பிக்க வைத்து, கைதட்டல் வாங்கித் தந்த பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் மற்றவர்கள் கண்மூடிக் கைகூப்பும்போது தனியாகக் கண் திறந்து நின்ற பிள்ளைகளும் உண்டு. பக்தி வீட்டுப் பிள்ளை கோயிலில் அனுபவிக்கும் கட்டாயத்தை இந்தப் பிள்ளைகள் வேறு வடிவில் அனுபவித்தார்கள். தான் சொல்லாத ஒன்றைத் தன் பெயரில் சுமப்பது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பாரம்தான்.

இரணியன் கதையை நாம் பக்தனின் வெற்றியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அதன் நடுவில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி இருக்கிறது. குருவின் வீட்டில் அப்பன் பெயரைச் சொல்லிப் பாடம் தொடங்க வேண்டும், பிள்ளை மறுக்கிறான். இரணியன் செய்த கொடுமை, அவன் நாராயணனை நம்பாதது அல்ல. பிள்ளையும் தன்னைப் போலவே நினைக்க வேண்டும் என்று யானைக்காலிலும் தீயிலும் தள்ளியதே. வேறு வேறு வீடுகளில், வேறு வேறு கொள்கைகளோடு, அந்தத் தகப்பன் இன்னும் இருக்கிறான்.

காலிக் கட்டம் யாருக்குக் கட்டுப்படியாகும்?

மதக் கட்டத்தை நிரப்பாமல் விடுவது அழகான யோசனை. ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல.

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் பெருமளவில் வாழும் அருந்ததியர் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் தமிழக அரசு அவர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. தலைமுறையில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு அந்தச் சாதிச் சான்றிதழ்தான் கட்டணம், விடுதி, உதவித்தொகை எல்லாம். அந்தச் சாதிச் சான்றிதழுக்குள் மதமும் ஒளிந்திருக்கிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். தமிழகத்தில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். ஒண்டிக்குடிசையும் ஊர்க்கட்டுப்பாடும் மாறுவதில்லை, சான்றிதழ் மாறிவிடுகிறது.

இங்கேதான் குழந்தையின் மதம் என்ற கேள்வி தத்துவத்தை விட்டு வயிற்றுப்பாட்டுக்கு வருகிறது. 2024 நவம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசு வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர் அவர். பிறந்து சில வாரங்களில் அவருக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்திருந்தது. பதிவேட்டில் தேதியோடு இருந்தது. அது மட்டும் காரணமில்லை. வளர்ந்த பிறகும் தேவாலயத்துக்குப் போய்வருகிறார், இந்து சமயத்துக்குத் திரும்பியதற்கு ஆதாரமில்லை என்றும் நீதிமன்றம் கண்டது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் தர்க்கம் புரிகிறது. என்றாலும், கழுத்து நிற்காத பருவத்தில் நெற்றியில் விழுந்த தண்ணீர், வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் சாட்சியாக வந்து நிற்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சொத்துரிமையும் இதில் சிக்கியிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் குழந்தையின் நம்பிக்கையைக் கேட்பதே இல்லை. பெற்றோர் இருவரும் இந்து என்றால் குழந்தையும் இந்து. ஒருவர் மட்டும் இந்து என்றால், அந்தச் சமூகத்தில் வளர்க்கப்பட்டதா என்று பார்க்கும். திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் சாதி, மதமற்றவர் சான்றிதழ் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது, இப்படிச் சான்றளித்தால் வாரிசுரிமையிலும் இடஒதுக்கீட்டிலும் குழப்பம் வரும், வட்டாட்சியருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தனி நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில் 2025 ஜூனில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். செந்தில்குமார் அமர்வு அதை மாற்றியது. மனசாட்சிச் சுதந்திரத்தில் எதையும் சாராமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்று சொல்லி, சான்றிதழ் தரவும், இதற்கென அரசாணை வெளியிடவும் உத்தரவிட்டது.

பெரியவர்களுக்கு வழி திறந்துவிட்டது. குழந்தைகள் பெயரில் பெற்றோர் கேட்டால் என்ன செய்வது என்பதை அரசு யோசித்து எழுத வேண்டும். குழந்தை வளர்ந்தபின் தானாக மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும்.

---

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

▪ அரசமைப்பின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தை எல்லா நபர்களுக்கும் தருகிறது. வயது வரம்பு எழுதப்படவில்லை.

▪ 28(3): அரசு அங்கீகாரம் அல்லது நிதியுதவி பெற்ற கல்வி நிலையத்தில் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறார் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

▪ ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (1989), பிரிவு 14: சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் குழந்தைக்கும் உண்டு. பெற்றோர் வழிகாட்டலாம், குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்ப. இந்தியா 1992-ல் ஏற்றது.

▪ ஜெர்மனியில் 1921 முதல் உள்ள சட்டம்: குழந்தையின் மதக் கல்வியை மாற்ற வேண்டுமானால் 10 வயதில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். 12 வயதுக்குப் பின் அதன் விருப்பத்துக்கு மாறாக மாற்றக் கூடாது. 14 வயதில் முடிவு அதனுடையது.

---

எழுந்து நின்றார்கள், பாடவில்லை

அப்படியானால் எந்த வயதில் நம்பிக்கை குழந்தையின் சொந்தமாகிறது? இதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறது.

1985 ஜூலை. கேரளத்தில் ஒரு பள்ளி. ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும் பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படிக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். காலையில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதையும் போற்றிப் பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு மாறு என்றார்கள். யாரோ கவனித்துச் சொல்ல, விஷயம் சட்டமன்றம் வரை போனது. மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியது. பிஜோ இமானுவேல் வழக்கு என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியில்லை, உண்மையாகவும் மனசாட்சியோடும் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்றது தீர்ப்பு. கடைசித் தங்கைக்கு அப்போது பத்து வயதுதான். அந்த நம்பிக்கையும் பெற்றோர் தந்ததே. ஆனால் வகுப்பே வாய் திறக்கும்போது தனியாக வாய் மூடி நிற்பதற்கு, பள்ளியே போனாலும் பரவாயில்லை என்று இருப்பதற்கு, அந்தப் பத்து வயதுப் பெண் தன் பங்குக்கு எதையோ போட்டிருக்கிறாள். நம்பிக்கைக்காகத் தான் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பது ஐந்து வயதில் முடியாது. பத்து வயதுக்குப் பிறகு முடியத் தொடங்குகிறது.

தொடங்குகிறது என்று சொல்லும்போதே எச்சரிக்கையும் வேண்டும். 2016-ல் ஹைதராபாத்தில் 13 வயது ஜைனச் சிறுமி 68 நாள் உண்ணா நோன்பு இருந்து, முடித்த சில நாட்களில் இறந்துபோனாள். அவளே விரும்பி இருந்தாள் என்றது குடும்பம். விரும்பியிருக்கலாம். ஊரே மாலை போட்டுக் கொண்டாடும் ஒன்றைப் பதின்மூன்று வயதில் விரும்பாமல் இருப்பது சுலபமா? குழந்தையின் நம்பிக்கையை மதிப்பதும் அந்த நம்பிக்கையிலிருந்து அதன் உடம்பைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. மனதில் எதை வைத்துக்கொள்வது என்பதில் குழந்தைக்கு நாம் தரும் சுதந்திரம், உயிரைப் பணயம் வைக்கும் அனுமதியாகிவிடக் கூடாது.

பயத்தில் விளைவது

மறுபடியும் சின்னக் குழந்தைகளுக்கு வருவோம். பள்ளி வழிபாடு, குலதெய்வம், ஞாயிறு பள்ளி, காலை மக்தப் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது, நடக்கவும் வேண்டாம். தாய்மாமன் மடியும், நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசலில் கிடைக்கும் கஞ்சியும், கிறிஸ்துமஸ் இரவில் அக்காவோடு போகும் பாட்டுக்குழுவும் ஒரு குழந்தைக்குத் தன் மனிதர்கள் யார் என்று சொல்லித்தருபவை. வேரில்லாமல் வளர்க்க வேண்டும் என்று எந்த உளவியலும் கேட்கவில்லை.

ஆனால் பயமுறுத்துவதை விட்டுவிட வேண்டும். சோறு தின்னாவிட்டால், பொய் சொன்னால், கேள்வி கேட்டால் கண்ணைக் குத்தும் சாமியைக் குழந்தைக்கு அறிமுகம் செய்பவர்கள் கடவுளைக் காவல்காரராக்குகிறார்கள். நரகத்தின் நெருப்பை எட்டு வயதுக் குழந்தைக்குப் படம் போட்டுக் காட்டும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும் அதையேதான் செய்கின்றன. பக்தி உள்ளவர்களுக்குத்தான் இது முதலில் உறைக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்லித்தருவதையும் கவனிக்க வேண்டும். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேரைப் பறிகொடுத்த ஊர் கோவை. அதற்கு இரண்டரை மாதம் முன்பு நடந்த கலவரத்தின் காயமும் ஆறவில்லை. அதன் பின் பல ஆண்டுகள், கோட்டைமேடு, உக்கடம் முகவரியும் ஒரு முஸ்லிம் பெயரும் போதும், வாடகை வீடும் வேலையும் கைநழுவிப் போக. அந்த நாட்களில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் தாங்கள் எதை நம்புகிறோம் என்று தெரிவதற்கு முன்பே, தாங்கள் யாராகப் பார்க்கப்படுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டார்கள். குழந்தையின் நெற்றியில் மதத்தை எழுதுவது குடும்பத்தோடு முடிந்துபோகிற விஷயமாக இந்த ஊரில் ஒருபோதும் இருந்ததில்லை.

பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டமும் அதைக் கேட்கிறது. 28(3) அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அரசு அங்கீகாரம் இருந்தாலே போதும், அது பொருந்தும். அவிநாசி சாலையிலும் பொள்ளாச்சி சாலையிலும் நிற்கும் தனியார் பள்ளிகளில் எத்தனை பள்ளிகள், காலை ஸ்லோகத்துக்கோ ஜெபத்துக்கோ பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டு வாங்குகின்றன? சேர்க்கை விண்ணப்பத்தில் மதக் கட்டத்துக்கு ஒதுக்கும் இடத்தை, உங்கள் குழந்தை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சம்மதமா என்ற கேள்விக்கு ஒதுக்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் அந்தக் கேள்வியைப் பிள்ளையிடமும் கேட்கலாம்.

பிப்ரவரி 2027

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முக்கியக் கட்டம் 2027 பிப்ரவரியில் நடக்கவிருக்கிறது. இந்த முறை சாதியும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 28 லட்சத்து 67 ஆயிரம் பேர், மக்கள்தொகையில் 0.24 சதவீதம். வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் குடும்பத் தலைவரிடம்தான் கேட்பார். பால்குடிக் குழந்தை முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைவரை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் சொல்லும் மதம்தான் பதிவாகும்.

சின்னக் குழந்தைகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால், விடை சொல்வதற்கு முன் உள்ளே திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம். “ஏங்கண்ணு, உனக்கு என்னன்னு எழுதட்டும்?” என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வரும் பதில் அப்பாவுக்குப் பிடிக்காமல் போகலாம். அதையும் அப்படியே எழுதச் சொல்லலாம்.